வலது காதுக்கு ஒரு நெக்பேண்ட்

எங்கள் வீட்டில் யாரும் அப்பாவுக்கு இடது பக்கம் உட்காருவதில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த விஷயமில்லை இது. சாப்பிடும்போது அம்மா தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து அவருக்கு வலது பக்கத்தில்தான் உட்காருவாள். ஸ்கூட்டரில் பின்னால் ஏறினால் நான் அவருடைய வலது தோளுக்கு மேல்தான் எட்டிப் பேசுவேன். இடது காது சின்ன வயதில் சீழ் பிடித்துப் பிடித்தே போய்விட்டது. இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. ஆஸ்டின் டவுனில் இருக்கிற சொந்த அத்தைக்கே தெரியாது. அப்பா டிரைவர், அதனால்.

ஒரு காது போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று கேட்கலாம். நம் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம். வண்டிக்குச் சொந்தக்காரர்கள் உட்காருகிற இடம் பின் சீட்டில் இடது ஓரம். அந்தக் கதவைத்தான் நடைபாதைப் பக்கமாகத் திறந்துவிட முடியும் என்பதால் எல்லோரும் அங்கேயேதான் உட்காருகிறார்கள். அங்கிருந்து வருகிற 'லெஃப்ட் எடுங்க', 'இங்கயே நிறுத்துங்க', 'ஏசியக் கொறைங்க' எல்லாமே நேராக அப்பாவின் செத்த காதில்தான் வந்து விழும். கண்ணாடியில் உதட்டைப் பார்த்தும், இன்ன கிழமை இன்ன இடம் என்று மனப்பாடம் பண்ணியும் அவர் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். அந்த வேலையில் 'என்னங்க?' என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்டால் முகம் மாறும்.

கடைசியாக அவர் வேலை பார்த்தது ரிச்சர்ட்ஸ் டவுனில், மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய பங்களா வீட்டில். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே வீடு. எழுபது தாண்டிய மேடம் ஒருவர், கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிற அவருடைய மூத்த மகன் ஒருவர். இளைய மகன் தனியாகப் போய்விட்டார். அப்பாவுக்கு அந்த வேலை சொர்க்கம் மாதிரி இருந்தது. காரணம் வேறொன்றுமில்லை, மேடத்துக்கும் காது மந்தம். இரண்டு காதும். காது மந்தமானவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் அல்லவா? அவர் பின் சீட்டிலிருந்து 'சர்ச்சுக்கு!' என்று சொன்னால் வண்டிக்கு வெளியே போகிறவனுக்கும் கேட்கும். அப்பா வீட்டுக்கு வந்து சொல்வார்: "அந்தம்மா கத்தறது எங்காதுக்கு அளவெடுத்துத் தெச்ச மாரி இருக்கு."

அந்த அளவைக் கெடுத்தது நான்தான், அதுவும் அவர்களே கூப்பிட்டு, பாராட்டி, கேக் கொடுத்த ஒரு நாளில்.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அதாவது மற்றவர்கள் செய்த ஆப்பை உடைத்துப் பார்த்து எங்கே கோணல் என்று எழுதிக் கொடுப்பது. எந்த போன் கையில் கிடைத்தாலும் செட்டிங்ஸ் உள்ளே போய் எல்லாக் கதவையும் திறந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. அந்த வீட்டு மகன் மேடத்துக்கு வெளிநாட்டிலிருந்து காது மெஷின் வாங்கி வந்திருந்தார். வயர் கிடையாது, போனோடு ஜோடி சேர்க்கிற வகை. அவர் முயற்சி பண்ணியும் சேரவில்லை. அப்பா முன் சீட்டிலிருந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "நம்ம பாப்பா பண்ணிடும் சார். போன்னா அதுக்கு உசுரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, நான் போனேன். விஷயம் சின்னது. அந்த மெஷினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த கொஞ்ச நேரத்துக்குத்தான் அது போனைத் தேடும், பிறகு தேடுவதை நிறுத்திக்கொள்ளும். மகன் அதை எடுத்து மேடத்தின் காதில் மாட்டி, கண்ணாடியில் அழகு பார்க்க வைத்து, அப்புறம் போனைத் திறந்திருக்கிறார். நான் இரண்டையும் பெட்டியில் போட்டு மூடி, திரும்ப எடுத்து, உடனே தேடச் சொன்னேன். வலது ஒன்று, இடது ஒன்று என்று இரண்டு பெயர் வந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக ஆமாம் சொன்னேன். முடிந்தது.

மேடம் திடுக்கிட்டு மேலே பார்த்தார். "இந்த ஃபேன் இத்தன வருஷமா இப்டியா கத்திக்கிட்டு இருந்துச்சு?"

"பழைய ஃபேன் ஆன்ட்டி, எண்ணெ விட்டா சரியாயிடும்," என்றேன்.

"நீ ஏன் மா கத்தற? மெதுவாப் பேசு."

எல்லோரும் சிரித்தோம். அந்த ஆப்பில் இன்னொரு வசதி இருந்ததையும் நான்தான் கண்டுபிடித்துக் காட்டினேன். போனைத் தூரத்தில் வைத்தால் போதும், அதன் மைக் வாங்கும் பேச்சு நேராக மேடத்தின் காதுக்கு வந்துவிடும். மகன் போனைச் சாப்பாட்டு மேஜைக்கு எடுத்துக்கொண்டு போய் ஏதோ முணுமுணுத்தார். மேடம் ஹாலில் இருந்தபடியே, "சக்கரையா? உனக்கு டாக்டர் வேணாம்னாரே!" என்று பதில் சொன்னார். "மாம், இத சர்ச்சுல ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சிடுங்க. பிரசங்கம் ஃபுல்லா கேக்கும்," என்றார் மகன். போகும்போது மேடம் ஒரு பிளம் கேக்கைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, "வெரி ஸ்மார்ட் கேர்ள். உங்கப்பா குடுத்து வெச்சவர்," என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பாவின் முகம் சரியில்லை. அம்மா கேட்டாள்.

"மேடம் இப்பல்லாம் ரொம்ப மெதுவா பேசறாங்க," என்றார்.

"மெதுவா பேசறது நல்லதுதான? நீதான் அவங்க கத்தறாங்க கத்தறாங்கன்னு சொல்லிகினு இருந்தே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது கேட்க ஆரம்பித்தவர் எதற்குக் கத்துவார்? தன்னுடைய குரலே அவருக்கு இரைச்சலாகக் கேட்டிருக்கும். பின் சீட்டில் இடது ஓரத்தில், பெரிய வீட்டு மனுஷிக்குரிய அந்த மெல்லிய குரலில், மேடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

மருந்துக் கடையில் நிறுத்தச் சொன்னதைக் கேட்காமல் அப்பா தாண்டிப் போனார். திரும்பச் சொன்ன வழியில் திரும்பவில்லை. ஒருநாள் மேடம் குடையால் அவர் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. மகன் மாலையில் போர்ட்டிகோவில் நிறுத்தி வைத்துக் கேட்டாராம்: "உங்க மைண்ட் எங்க இருக்கு? வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாக்கறேன்." அப்பா, "இல்ல சார், இனிமே பாத்துக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

"ஒரு காதுதான் கேக்கலன்னு சொல்லிடேன் பா," என்றேன். "ஒரு காதோட வண்டி ஓட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அந்த ஆன்ட்டிக்கே கேக்காது, அவங்களுக்குப் புரியாதா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். படித்த முட்டாளைப் பார்க்கிற பார்வை.

"அவங்களுக்குக் கேக்கலன்னா மெஷின் வாங்குவாங்க. எனக்குக் கேக்கலன்னா வேற டிரைவர் வாங்குவாங்க. சும்னே இரு."

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மேடத்தின் போனில் நான் பார்த்த அதே வசதி சாதாரண போனில் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அப்பாவின் போன் மலிவானதுதான். ஆனாலும் அதன் செட்டிங்ஸில் அடியாழத்தில் ஒன்று இருந்தது: போனின் மைக்கில் விழும் பேச்சைப் பெரிதாக்கி, ஜோடி சேர்ந்திருக்கும் ஹெட்செட்டுக்கு உடனுக்குடன் அனுப்புவது. காதுக்கான மெஷின் வாங்க எங்களால் முடியாது. உணவு கொண்டு போகிற பையன்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற நெக்பேண்ட் ஒன்று வாங்க முடியும்.

வாங்கி வந்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் சிவப்பும் நீலமுமாக மின்னியது. போனில் தேடச் சொன்னால் எங்கள் கட்டடமே வரிசையாக வந்து நின்றது: பக்கத்து வீட்டு டிவி, கீழ் வீட்டு ஸ்பீக்கர், யாரோ ஒருவருடைய வாட்ச், இதே கம்பெனி நெக்பேண்டே மூன்று நான்கு. மொட்டை மாடிக்குப் போய்த்தான் ஜோடி சேர்க்க முடிந்தது. அதற்கும் முன்னால் என் போனில் சோதித்துப் பார்த்திருந்ததால், ஆன் பண்ணின உடனே அது அப்பாவை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. என் போனில் அதை மறக்கச் சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு வசப்பட்டது.

அடுத்த வேலை, பாட்டும் பேச்சும் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகாமல், மொத்தத்தையும் வலது பக்கத்துக்கே தள்ளிவிடுவது. அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது, யாரும் தொடாத பட்டன். இடது காதுக்கான குமிழைக் கழுத்தில் தொங்க விட்டுவிட்டு வலது பக்கத்தை மட்டும் அப்பா மாட்டிக்கொண்டார். போனை அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அப்பா வாசல் கதவுக்கு வெளியே நின்றார்.

உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். "வயசான காலத்துல கழுத்துல தாம்புக்கயிறு மாரி ஒண்ண மாட்டிகினு நிக்கறாரு, மாப்ள வேஷம்."

வெளியிலிருந்து அப்பா: "கயிறு நீ கட்டலியே, எம்பொண்ணு கட்டிச்சு."

அம்மா கத்தியோடு வாசலுக்கு வந்தாள். "யோவ், ஒட்டுக் கேக்கறியா?"

"கேக்குதுடி! டப்பிங் படம் மாரி இருக்கு. வாய் அசஞ்சப்புறம் சத்தம் வருது. ஆனா கேக்குது."

அன்றைக்கு மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ போதவில்லை. ஓடுகிற வண்டியில் சோதிக்க வேண்டுமே. இருவரும் பஸ்ஸில் ஏறினோம். நான் முன்னால் பெண்கள் பக்கம் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பின்னால் நெக்பேண்டோடு. இறங்கியதும் வலது காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பேசனது ஒண்ணும் கேக்கல. கண்டக்டர் 'முந்தே ஹோகி, முந்தே'ன்னு, முன்னால போ முன்னால போன்னு, மண்டக்குள்ளயே பூந்து கத்தனான்." அப்புறம் பின்னணி இரைச்சலைக் குறைக்கிற இடத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தேன். போனை ஏசி ஓட்டையில் மாட்டுகிற ஸ்டாண்டில் எந்தக் கோணத்தில் வைத்தால் பின் சீட்டின் இடது ஓரம் தெளிவாக விழும் என்று படம் போட்டே கொடுத்தேன்.

அப்பாவின் போன் முழுக்கத் தமிழில் இருக்கும்படி முன்பே மாற்றி வைத்திருந்தேன். அவர் ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர். இங்கிலீஷ் வராது, கன்னடம் பேச்சு மட்டும். அந்த ஆப்பும் தமிழிலேயே வந்தது. திறந்ததும் மேலே ஒரு வரி: கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்காக. அதை அவர் விரலால் மறைத்துக்கொண்டு, "இத எடுக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன்.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மேடம் வாய்க்குள் முணுமுணுக்கிற பாட்டுகூடக் கேட்கிறது என்றார் அப்பா. இன்னொரு லாபமும் இருந்தது. எப்போதாவது ஒரு பேச்சு தவறிப்போனாலும், காதில் ஏதோ மாட்டியிருக்கிறார், அதனால் கேட்கவில்லை என்று மகன் நினைத்துக்கொள்வார். "அந்த மேப்ப கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்வதோடு சரி. செவிட்டுத்தனத்தை மறைக்க ஹெட்செட்டைவிடச் சிறந்த முகமூடி கிடையாது. இந்த ஊரில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடக்கிற எவரையும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆபீஸில் இருந்தபோது மேடத்தின் மகன் என்னைப் போனில் கூப்பிட்டார். காது மெஷின் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்து உற்சாகமாக, "சொல்லுங்க சார்," என்றேன்.

"நீ உடனே வீட்டுக்கு வரணும். உங்கப்பா இங்கதான் இருக்காரு." குரலில் பிளம் கேக் இல்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். அப்பா கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றிருந்தார். கழுத்தில் நெக்பேண்ட் இல்லை.

"இன்னா ஆச்சு பா?"

"வண்டில அம்மாவும் புள்ளயும் வீட்ட விக்கறதப் பத்திப் பேசிகினு வந்தாங்க. தம்பிக்கு இப்ப சொல்ல வேணாம்னு இன்னமோ பேசனாங்க. சாரு எவ்ளோ நேரம் ஆகும்னு மேப்பப் பாக்க எட்டனாரு. போன் மேல ஒரு பச்சப் புள்ளி இருக்கும்ல, அதப் பாத்துட்டாரு."

மைக் வேலை செய்கிறபோது போனின் மேல் மூலையில் எரிகிற புள்ளி அது. அவர் அதைத் தொட்டிருக்கிறார், ஆப் திறந்திருக்கிறது. அவர் பேசப் பேச, திரையில் கோடுகள் எழுந்து எழுந்து ஆடியிருக்கின்றன. எழுத்தெல்லாம் தமிழ். அந்த வீட்டு மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆடுகிற கோடுகளைப் பார்த்தவர் தன் பேச்சு பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"அவ்ளோதான? நான் சொல்லிப் புரிய வெக்கறேன்," என்று கேட்டைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"காது விஷயம் வாயத் தொறக்காத."

"என்னாப்பா பேசற? ஒட்டுக் கேட்டன்னு சொல்றாங்கபா!"

"சொல்லட்டும். ஒட்டுக் கேட்டவன்னா இந்த வீடு போச்சு, வேற ஏரியா பாப்பேன். செவுடன்னு தெரிஞ்சா எந்த ஏரியாலயும் சாவி குடுக்க மாட்டான்."

உள்ளே போர்ட்டிகோவில் மேடம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் அப்பாவின் போன்.

"நீதான இத செட் பண்ணே?"

"ஆமா சார். ஆனா இது ரெக்கார்டர் இல்ல. சத்தத்தப் பெருசு பண்ற ஆப். எதுவுமே சேவ் ஆகாது, வேணும்னா ஃபோல்டர் எல்லாம் திறந்து பாருங்க."

"பாத்தேன். டெலீட் பண்ணியிருப்பீங்க." அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை, மீட்டிங்கில் பேசுகிற மாதிரி பேசினார். "சரி, ரெக்கார்டர் இல்ல. எதுக்கு அவருக்கு எங்க பேச்சு பெருசா கேக்கணும்?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அப்பா என்னைத் தாண்டி முன்னால் வந்தார்.

"நாந்தான் சார் பாப்பாகிட்ட கேட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால பேசறதக் கேக்கற ஒரு கெட்ட பழக்கம். தப்புதான் சார்."

"என் பிரதர் ஏதாவது குடுத்தானா?"

"அய்யோ, இல்ல சார்."

"அப்ப யாருக்காக?"

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார், அதற்குக் கூலி கொடுத்த ஆள் யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவார்? தலையைக் குனிந்துகொண்டார். அது மகனுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு மகன் போனை எடுத்து மேடத்திடம் நீட்டினார். "மாம், இது தமிழ்ல இருக்கு. என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

மேடம் தினமும் தமிழ் பைபிள் வாசிக்கிறவர். அப்பா வாய் திறக்க வேண்டாம், நானும் திறக்க வேண்டாம், அந்த வரியே பேசிவிடும் என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து, நிதானமாக வாசித்தார். உதடு அசைந்தது. மேலே இருந்த அந்த வரியில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து போனது. பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார்.

"ஏதோ சவுண்டுன்னு போட்டிருக்கு பா. இந்த மாதிரி தமிழெல்லாம் எனக்குப் புரியல," என்று மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆன்ட்டி," என்றேன். அப்பா என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

மகன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். போன் அப்படியே வெளியே போகக் கூடாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அழிக்க வேண்டியது நான். அவர் என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நம்பர்கள், ஆஸ்டின் டவுனில் அவரோடு படித்தவர்களின் போட்டோக்கள், என் பட்டமளிப்பு நாளில் அவர் எடுத்த மங்கலான படங்கள், நான் கோணம் பார்த்துக் கோணம் பார்த்துச் சரி செய்து வைத்த அத்தனை செட்டிங்கும். அழித்துவிடட்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். உறுதியாகத்தானா என்று இன்னொரு தடவை கேட்டது. போனுக்கு இருந்த அந்த அக்கறை அங்கே நின்றவர்கள் யாருக்கும் இல்லை.

"போயிட்டு வாங்க," என்றார் மேடம். அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

வீடு வந்து சேரும் வரை நான் கத்திக்கொண்டே வந்தேன். "படிச்சாங்கபா! ரெண்டு வாட்டி படிச்சாங்க. அந்த வரில வெரல வெச்சாங்க. அவங்களுக்குத் தெரியும். அவங்க காதுக்கு நான் செஞ்சத உன் காதுக்குச் செஞ்சா அதுக்குப் பேரு ஒட்டுக் கேக்கறதா? சர்ச்சுல போன வெச்சிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களப் போயி யாராவது ஒட்டுக் கேக்கறீங்களான்னு கேப்பாங்களா?"

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்குப் புரியல. தெரிஞ்சுதான் சொல்லல அந்தம்மா. நான் மறைக்கறேன்னு கண்டுபுடிச்சி, அவங்களும் மறைச்சாங்க. புள்ளகிட்டகூட விட்டுக் குடுக்கல. பெரிய மனசு."

அம்மா அப்பாவின் பக்கம். நான் ஒருத்திதான் எதிர்க்கட்சி. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே வழக்குதான். மேடம் வேலையைப் பறித்துக்கொண்டவர் என்று நான், மானத்தைக் காப்பாற்றியவர் என்று அப்பா.

வேலை தேட ஆரம்பித்தோம். கோரமங்களா பக்கம் ஒரு வீட்டில் ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கன்னடக் குடும்பம், புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு சின்னக் குழந்தைகள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "புள்ளைங்க நல்லாக் கத்துதுங்க. பெரிய வண்டி. முன் சீட்டுலயே உக்கார்றாரு அந்த சாரு, அதுவும் சௌகரியம். அவரு பேசறப்ப நான் கொஞ்சம் தலயத் திருப்பனாப் போதும்." முன்பு வேலை செய்த வீட்டில் விசாரிக்க வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் போனில்தான் எதுவும் இல்லையே. மேடத்தின் நம்பர் என்னிடம் இருந்தது, காது மெஷின் ஜோடி சேர்த்த நாளில் வாங்கியது. மகனிடம் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று யோசித்து, மேடத்தின் நம்பரையே அந்த வீட்டுக்கு நான் அனுப்பி வைத்தேன். அப்பாவும் அதையே சொன்னார்: "அந்தம்மா நம்பள விட்டுக் குடுக்க மாட்டாங்க."

இரண்டு நாளில் அந்த வீட்டுப் பெண் எனக்குப் போன் பண்ணினார். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். இனிமையான குரல், குற்ற உணர்ச்சி வழிகிற குரல்.

உங்கள் அப்பாவைப் பற்றி அந்த மேடம் அப்படிப் புகழ்ந்தார் என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு யோக்கியமான ஆள் கிடைக்க மாட்டார், ஒரு பொருளைத் தொட மாட்டார், ஒரு வார்த்தையை வெளியே சொல்ல மாட்டார், என் மகன் அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டான், எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை, உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன் என்று சொன்னாராம். பாவம், அந்த மனுஷனுக்குக் காதுதான் கேட்காது, வேறு எந்தக் குறையும் இல்லை என்று சொன்னாராம்.

"எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது," என்றார் அந்தப் பெண். "ஆனால் சின்னக் குழந்தைகள் போகிற வண்டி. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ்."

ஒரு காதுதான் என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விட்டதில்லை என்று சொன்னேன். புரிகிறது புரிகிறது என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு மேடத்தைத் திட்டக்கூட வழியில்லாமல் போனது. அவர் பழியைத் துடைத்திருக்கிறார். சொல்ல வேண்டிய இடத்தில், மகனுக்கு முன்னால், ஒரு வரியைப் படித்துக் காட்டத் தைரியமில்லாதவர், சொல்லக் கூடாத இடத்தில் முழுவதையும் சொல்லித் தன் மனசாட்சியைத் தூங்க வைத்துக்கொண்டார். அவருக்கு நல்லது செய்த நிறைவு. அப்பா எந்த ஒரு சொல் வெளியே வரக் கூடாது என்று கையைக் கூப்பிக்கொண்டு பழியோடு வந்தாரோ, அந்தச் சொல் இப்போது வீடு வீடாகப் போகிறது. கோரமங்களாவில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், நண்பர்கள் இருப்பார்கள், டிரைவர் தேடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள்.

சாயங்காலம் அப்பா கேட்டார். "இன்னா சொன்னாங்க?"

"வேற ஆள் கெடச்சிட்டாங்களாம்," என்றேன்.

"மேடம் நம்பளப் பத்தி நல்லதா சொன்னாங்களா, அத கேட்டியா?"

"நல்லதாதான் சொன்னாங்களாம்."

"பாத்தியா?" என்று அம்மாவிடம் திரும்பினார். ஜெயித்தவர் மாதிரி சிரித்தார். "நான் சொல்லல?"

இப்போது அவர் ஈஜிபுராவிலிருந்து சுற்று வட்டாரக் கடைகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். ஒன்றும் குறைச்சலில்லை, பின்னால் இருந்து யாரும் பேசுவதில்லை என்கிறார். கேனைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நெக்பேண்டைத் திரும்ப அவர் போனோடு சேர்த்துக் கொடுக்கட்டுமா, பாட்டாவது கேட்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். கையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று.

டிசம்பர் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு என்னிடம் வந்தார்.

"பாப்பா, கிறிஸ்துமஸ் வருது. வருஷா வருஷம் மேடத்துக்கு நான் விஷ் பண்ணுவேன். எம்போன்ல எல்லாம் அழிஞ்சி போச்சு. அவங்க நம்பர் உங்கிட்ட இன்னும் இருக்கா?"

"இல்லபா," என்றேன். "எங்கிட்டயும் இப்ப இல்ல."